அழாதே என்றொரு வசனம், சிரிக்காதே என்றொரு வசனம்

துக்கவீட்டுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் வேதாகமத்திலிருந்து ஒன்றுக்கொன்று எதிரான வசனங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள் என்பதையும், அவற்றின் நடுவே அகப்பட்டவர் பணத்தையும் உறக்கத்தையும் சிலவேளை விசுவாசத்தையுமே இழக்க நேரிடும் என்பதையும் எனக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கணவரை இழந்த பின் ஏறத்தாழ ஒன்றரை வருடம் நான் அந்த நிலையில் தனியாகக் கிடந்தேன். இப்போதும் எங்கள் பகுதியில் எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் அதே வசனங்கள் அதே குரலில் சொல்லப்படுவதைக் கேட்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணின் முகத்தையும் பார்க்கிறேன். ஆகவே எனக்கு நேர்ந்ததை ஒழுங்காக எழுதிவைக்க விரும்புகிறேன். நான் இறையியல் கற்றவள் அல்லள். கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்து வாழ்ந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவள், முன்பள்ளியில் படிப்பிக்கிறேன்.

என் கணவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்துக்குப் போய் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்டு வந்த காலம் நீண்டது. 2018ஆம் ஆண்டு கார்த்திகையில் அவர் காலமானார். சேமக்காலையில் அடக்கம் செய்து முப்பத்தோராம் நாள் ஆவதற்கிடையில், அந்த மார்கழி 21, 22ஆம் திகதிகளில் பெய்த பெருமழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடாயின. குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. குடலைப் பருவத்தில் நின்ற எங்கள் நெல் தண்ணீருக்குள் போனது. அவர் நோயோடு நின்று விதைத்த கடைசிப் பெரும்போகம் அது. அந்த வயலைப் பார்த்துவிட்டு வந்த அன்று நான் வாய்விட்டு அழுதேன். அடக்கத்தின்போதுகூட அப்படி அழவில்லை.

அன்று மாலை ஒரு ஜெபக்குழுவைச் சேர்ந்த சகோதரிகள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளத்துக்குள் நடந்து, கையில் சாப்பாட்டோடு வந்தவர்கள். ஆனால் நான் அழுவதைக் கண்டதும் அவர்களுள் மூத்தவர் என் கையைப் பிடித்து, “தங்கச்சி, இது அவிசுவாசத்தின்ர அழுகை. ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ எண்டு வேதம் சொல்லுது. எப்பொழுதும் எண்டால் இப்பவும்தான்” என்றார். யாக்கோபு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) முதலாம் அதிகாரத்தை விரித்து, பலவிதமான சோதனைகளில் அகப்படும்போது அதை மிகுந்த சந்தோஷமாக எண்ண வேண்டும் என்ற பகுதியை வாசித்தார்கள். பிறகு கைதட்டிப் பாட்டுப் பாடினார்கள். என் மகனும் மகளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் நானும் தட்டினேன். அந்த இரவில் எனக்கு வந்தது துக்கம் அல்ல, வெட்கம். அவரை நினைத்து அழுவதால் அவர் போன இடத்தையும் ஆண்டவரையும் ஒருசேர அவமதிக்கிறேனோ என்ற வெட்கம்.

அதன்பின் நான் அவர்களுடைய உபவாசக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன். துக்கத்தின் ஆவி என்னைப் பிடித்திருக்கிறது, அதிலிருந்து விடுதலை வேண்டும் என்று சொல்லப்பட்டது. விடுதலைக்காக ஒரு விசேஷ காணிக்கை படைப்பது வழக்கம் என்றார்கள். எனது சோடிக் காப்பை ஈடு வைத்து எடுத்த பணத்தில் அறுபதினாயிரம் ரூபாய் அப்படிப் போனது. வட்டி ஏறி, அந்தக் காப்பை மீட்க முடியாமலே போய்விட்டது. வெளியூரில் நடந்த ஒரு நீண்ட உபவாசக் கூட்டத்தில் நான் இருந்த நாட்களில்தான் வெள்ளத்தால் அழிந்த வயல்களின் விவரம் பதியப்பட்டது. திரும்பி வந்து கேட்டபோது பதிவு முடிந்திருந்தது. இதை வாசிக்கும் ஒருவருக்கு அண்மையில் மரணம் நேர்ந்திருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மரணச் சான்றிதழின் பிரதிகள், வங்கிக் கணக்கு, பிரதேச செயலகத்தில் காணி அனுமதிப்பத்திரத்தின் பின்னுரித்து (இறந்தவருக்குப் பின் காணி உரிமை யாருக்கு என்ற பதிவு) ஆகிய மூன்றையும் முதல் மாதங்களிலேயே தொடங்கிவிடுங்கள். நம்பக்கூடிய ஓர் உறவினரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். முதல் வருடத்தில் நகை, காணி, பெருந்தொகை எதையும் எந்தப் புனித காரியத்துக்காகவும் கைமாற்றாதீர்கள். உண்மையாகவே கொடுக்க விரும்பினால் அடுத்த வருடமும் அந்த விருப்பம் இருக்கும்; அப்போது கொடுக்கலாம்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் என் கணவரின் தாயார், எங்கள் மாமி, இருந்தார். ஒருநாள் என் மகள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒன்றை நடித்துக்காட்ட, நான் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். “பிள்ளை, வருசம் திரும்பேல்லை. ‘நகைப்பைப்பார்க்கிலும் துக்கிப்பு நலம்’ எண்டு பிரசங்கி சொல்லியிருக்கிறார்” என்றார் மாமி. இன்னொரு நாள், அயலில் நடந்த சாமத்தியவீட்டுக்கு (பூப்புனித நீராட்டு விழாவுக்கு) பிள்ளைகளை அழைத்துப் போக ஆயத்தமானபோது, “இப்பொழுது நகைக்கிற உங்களுக்கு ஐயோ, இனி துக்கப்பட்டு அழுவீர்கள்” என்ற லூக்கா சுவிசேஷ வசனத்தைச் சொன்னார். மாமி 2009இல் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். இப்போது மற்ற மகனையும். அவருக்கு அந்த வசனங்கள்தாம் துணை, அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்து நடமாடினார். அவர் மீது எனக்குக் கோபம் வந்ததில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை ஜெபக்குழுவில் அழக்கூடாது, புதன்கிழமை மாமியின் முன்னால் சிரிக்கக்கூடாது என்ற வாழ்க்கை எவராலும் தாங்கக்கூடியது அல்ல. இரண்டு தரப்பினரும் ஒரே புத்தகத்தைத்தான் காட்டினார்கள்.

எல்லாவற்றையும் விட என்னைக் கலங்கவைத்தது இரண்டாம் கொரிந்தியர் 7:10. “லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது” என்பதை ஒரு கூட்டத்தில் என்னைப் பார்த்தே சொன்னார்கள். நான் இப்படியே அழுதால் என் பிள்ளைகளுள் ஒன்றுக்கு ஏதாவது நேர்ந்துவிடும் என்று நம்பத் தொடங்கினேன். இரவில் எழும்பி அவர்கள் மூச்சு விடுகிறார்களா என்று பார்ப்பேன். உறக்கம் முற்றாகக் கெட்டது. அடுப்பில் வைத்ததை மறந்தேன், முன்பள்ளியில் பிள்ளைகளின் பெயர்கள் நினைவுக்கு வர மறுத்தன. அயலில் ஓர் அக்கா வைத்தியசாலைக்குப் போகச் சொன்னபோது, “மனமகிழ்ச்சி நல்ல ஔஷதம்” என்ற நீதிமொழியைக் காட்டி, குளிசை எடுப்பது விசுவாசக் குறைவு என்று குழுவில் தடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் அப்படியே கடந்தது.

உறக்கமில்லாத அந்த இரவுகளில்தான் வேதாகமத்தை நானே தொடர்ச்சியாக வாசிக்கத் தொடங்கினேன். மகளின் பழைய கொப்பி ஒன்றில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, சந்தோஷப்படு என்று சொல்லும் வசனங்களை ஒரு பக்கமும் துக்கத்தை நல்லது என்று சொல்லும் வசனங்களை மறுபக்கமும் எழுதினேன். ஒவ்வொன்றின் கீழும் அதைச் சொல்பவர் யார், யாருக்குச் சொல்கிறார், அப்போது அவர்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்ற மூன்றையும் குறித்தேன். ஒரு வசனம் உங்களை நசுக்கினால் அதை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள். அது வருகிற நிருபத்தை, சிறியதாயின் முழுவதையும், ஒரே இருப்பில் வாசியுங்கள். எனக்கு உண்மையான விடுதலை அதில்தான் கிடைத்தது.

முதலில் “எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்பதை எடுத்துக்கொள்கிறேன். அது முதலாம் தெசலோனிக்கேயர் 5:16. அதற்கு இரண்டே வசனங்கள் முன்னால், “திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடியசாந்தமாயிருங்கள்” என்று, அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுலே அதே சபைக்கு எழுதியிருக்கிறார். திடனற்றவர்கள் சபைக்குள் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்களைக் கடிந்துகொள்ளும்படி அவர் சொல்லவில்லை. அதற்கு முந்திய அதிகாரத்தில், மரித்தவர்களைக் குறித்து, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கியாதபடிக்கு எழுதுகிறேன் என்கிறார். துக்கம் வேண்டாம் என்பது அதன் பொருளானால் “மற்றவர்களைப்போல” என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றே அந்த அதிகாரம் முடிகிறது. தேற்றுவதற்கு ஓர் அழுகை முதலில் இருந்திருக்க வேண்டும்.

பிலிப்பியருக்கு எழுதின நிருபம் என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்” என்பது நான்காம் அதிகாரம். பவுல் அதைக் கட்டப்பட்டவராக இருந்து எழுதினார் என்பதை எல்லாப் பிரசங்கியாரும் சொல்வார்கள்: சிறையிலேயே அவர் மகிழ்ந்தார், வீட்டில் இருக்கும் உனக்கு என்ன குறை என்று. ஆனால் இரண்டாம் அதிகாரத்தில், தன் உடன் ஊழியரான எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டதைச் சொல்லி, “துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு” தேவன் எனக்கும் இரங்கினார் என்று அவர் எழுதியிருப்பதை எனக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. அந்த மனிதர் செத்திருந்தால் பவுல் துக்கப்பட்டிருப்பார். அதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறார். அதோடு, ஏற்கெனவே ஒரு துக்கம் தன்னிடம் இருக்கிறது என்றும் அந்தச் சொற்கள் காட்டுகின்றன. மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு எழுதுவதாகவும் சொல்கிறார். சந்தோஷமாயிருங்கள் என்று எழுதிய கையும் கண்ணீர் விழுந்த தாளும் ஒரே மனிதருடையவை. இதைக் கண்ட இரவில் நான் கணவரின் பெயரைச் சொல்லி நெடுநேரம் அழுதேன், வெட்கம் வரவில்லை.

யாக்கோபின் நிருபம் இன்னும் தெளிவு. சோதனைகளைச் சந்தோஷமாக எண்ணுங்கள் என்று முதலாம் அதிகாரத்தில் சொல்கிறவர், நான்காம் அதிகாரத்தில், “உங்கள் நகைப்பு துக்கிப்பாகவும், உங்கள் சந்தோஷம் சஞ்சலமாகவும் மாறக்கடவது” என்கிறார். முரண்பாடு என்று பார்த்தால் இதைவிட நேரடியான முரண்பாடு இல்லை. ஆனால் முதலாவது, நெருக்கப்பட்டு நிற்கிறவர்களுக்கு. இரண்டாவது, தங்களுக்குள் யுத்தமும் சண்டையும் நடத்தி, பெருமையில் திளைத்தவர்களுக்கு. கைகளைச் சுத்திகரியுங்கள் என்று அதற்கு முந்திய வசனம் அவர்களுக்குத்தான் சொல்கிறது. அடுத்தவன் காணியைப் பிடித்துவிட்டுச் சிரிக்கிறவனிடம் போய்ச் சொல்ல வேண்டிய வசனம் அது. மாமி சொன்ன லூக்கா வசனமும் அப்படியே: ஐயோ என்பது ஐசுவரியவான்களைப் பார்த்துத் தொடங்குகிறது, அதற்குச் சற்று முன்னால், “இப்பொழுது அழுகிற நீங்கள் பாக்கியவான்கள், இனி நகைப்பீர்கள்” என்று எங்களைப் போன்றவர்களுக்குச் சிரிப்பே வாக்குப்பண்ணப்பட்டிருக்கிறது. என் பிள்ளைகளோடு நான் சிரித்த சிரிப்பு அந்த வாக்கில் ஒரு சிறு பங்கு என்று இன்று நம்புகிறேன்.

என்னை அச்சுறுத்திய இரண்டாம் கொரிந்தியர் வசனம் மரணவீட்டைப் பற்றியதே அல்ல. பவுல் முன்பு எழுதிய கடுமையான ஒரு நிருபத்தால் கொரிந்துச் சபையார் தங்கள் பிழையைக் குறித்துத் துக்கப்பட்டார்கள். அந்தத் துக்கம் மனந்திரும்புதலுக்கு வழியானதை அவர் மெச்சுகிறார். செத்த கணவருக்காக அழும் ஒரு பெண் அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. மரித்தோருக்காக அழுததைப் பார்க்க விரும்பினால் அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் ஸ்தேவானின் அடக்கத்தைப் பார்க்க வேண்டும்: தேவபக்தியுள்ள மனுஷர் அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று இருக்கிறது. வானம் திறந்திருக்கக் கண்டு மரித்த ஒருவருக்காகவே பக்தியுள்ளவர்கள் அப்படி அழுதிருக்கிறார்கள். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

பிரசங்கியின் புத்தகம் மட்டும் இப்படி எளிதில் ஒழுங்குக்கு வராது. ஏழாம் அதிகாரம் துக்கிப்பு நலம் என்கிறது, எட்டாம் அதிகாரம் “களிப்பைப் புகழ்ந்தேன்” என்கிறது, இரண்டையும் சொல்கிறவர் ஒருவரே, கேட்கிறவர்களும் மாறவில்லை. இதைப் பூசி மெழுக எனக்கு மனமில்லை. நீண்டகாலம் வாழ்ந்த ஒருவர் தான் கண்டதைக் கண்டபடியே சொல்லியிருக்கிறார். இரண்டுமே வாழ்வில் உண்மையாக நிற்கின்றன. அழ ஒரு காலமுண்டு, நகைக்க ஒரு காலமுண்டு என்று மூன்றாம் அதிகாரத்தில் எழுதியவர், அந்தக் காலத்தை இன்னொருவர் எனக்காகக் குறித்துத் தரலாம் என்று சொல்லவில்லை. மாமிக்கு இதை வாசித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, பிள்ளையளைச் சாமத்தியவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ” என்றார். அந்த வீட்டுக் கொண்டாட்டம் முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அவர் சொன்னது இனி வரும் எல்லாவற்றுக்கும்தான்.

எங்கள் வீடுகளின் சுவர்களில் அதிகமாகத் தொங்குகிற வசனம் நெகேமியா 8:10: “கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்கள் பெலன்.” நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டதைக் கேட்டு அழுத ஜனங்களுக்கு, ஏழாம் மாதத்தின் முதலாம் நாள், பண்டிகை நாளாகையால் போய்ச் சாப்பிடுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று சொல்லப்பட்டது அது. அதே மாதம் 24ஆம் திகதி அதே ஜனங்கள் உபவாசித்து, துக்கத்தின் அடையாளமாக இரட்டு (சாக்குத்துணி) உடுத்திக் கூடினார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. நெகேமியாவும் எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கிற செய்தியைக் கேட்டபோது உட்கார்ந்து அழுது சில நாள் துக்கித்திருந்தார். இடிந்த ஊர் ஒன்றுக்காக ஒருவர் அழலாம் என்று வேதத்தில் இருப்பது வன்னியில் வாழும் எங்களுக்குச் சிறிய செய்தி அல்ல.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தகப்பனார் 2009இல் மாத்தளனில் ஷெல் விழுந்து இறந்தார். பதுங்கு குழி ஒன்றில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஓடினோம். அடக்க ஆராதனை இல்லை, முப்பத்தோராம் நாளில் செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றேன். அவருக்காக நான் அழவே இல்லை. கணவர் போனபோது வந்த அழுகையில் பாதி அப்பாவுடையது என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதும்போது, இறந்தவருக்குச் செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்ய முடியாமற்போவது துக்கத்தை ஆறவிடாமல் வைத்திருக்கும் என்பதைக் கவனப்படுத்தியிருக்கிறார். ஆகவே இந்த மண்ணில் ஒரு பெண் அளவுக்கு மிஞ்சி அழுகிறாள் என்று தோன்றினால், அவள் எத்தனை பேருக்காக அழுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இறுதியில் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். வைத்தியர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். துக்கம் நோயல்ல, ஆனால் மாதக்கணக்கில் உறக்கம் இல்லாமலும் குற்றவுணர்வோடும் இருப்பதற்கு மருத்துவம் தேவை என்று விளக்கினார். சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. சில வாரங்களில் உறங்கினேன். உறங்கிய பிறகு ஜெபிக்கவும் முடிந்தது. பவுலோடு இருந்த லூக்காவை “பிரியமான வைத்தியன்” என்றே கொலோசெயர் நிருபம் குறிப்பிடுகிறது. விசுவாசத்துக்கும் வைத்தியத்துக்கும் பகை இருந்திருந்தால் அந்தச் சொல் அங்கே வந்திருக்காது. நேரில் போகத் தயக்கமானவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

இப்போது எங்கள் சபைப் பெண்கள் சிலர் சேர்ந்து துக்கவீடுகளுக்குப் போகிறோம். யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாய் திறந்த பிறகுதான் பிழைகள் தொடங்கின. அதனால் முதல் கிழமையில் நாங்கள் வசனம் சொல்வதில்லை, பாட்டும் பாடுவதில்லை. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போன்றவன் என்று நீதிமொழிகள் 25:20 சொல்கிறது. சமைக்கிறோம், பிள்ளைகளைப் பார்க்கிறோம், பிரதேச செயலகத்துக்குக் கூடப் போகிறோம். அவர்களாகக் கேட்டால் வாசிக்கிறோம். கேட்பவர் மிகவும் இருண்டுபோயிருந்தால் 88ஆம் சங்கீதத்தை வாசிக்கிறோம். அதில் கடைசி வரி வரைக்கும் ஒரு வெளிச்சமும் வராது, ஆனாலும் அது ஜெபமாகவே வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அண்மையில் ஒரு தாய் அதைக் கேட்டு முடித்துவிட்டு, இன்னொரு முறை வாசிக்கும்படி கேட்டார். வாசித்தோம். அதற்குப் பிறகு அவர் தன் மகனைப் பற்றி, அவன் சிறுவயதில் செய்த குழப்படிகளைப் பற்றி, அழுதுகொண்டும் இடையிடையே சிரித்துக்கொண்டும் பொழுதுபடும்வரை சொன்னார். எங்களுள் ஒருவரும் அவரை எதற்காகவும் தடுக்கவில்லை.